கால் பட்டுச்சா, படலையா

ஒரு விஷயத்த முதல்லயே ஒத்துக்கிறேன். போன சீசன்ல ஒரு பைக் ட்ரையல்ல, அதாவது கால் ஊனாம பாறை, ஓடைன்னு ஓட்டுற போட்டில, மார்க் போடுற மார்ஷலா நின்னப்போ, ஒரே பாறைல ஒரே மாதிரி தடுமாறின ரெண்டு பேருக்கு வேற வேற மார்க் போட்டுட்டேன்.

காலைல முதல் ரவுண்டு, யாரோ ஒரு ரைடர், முன்ன பின்ன பாத்ததே இல்ல. செக்‌ஷன் நடுவுல இருந்த ஈரப்பாறை மேல முன்சக்கரத்த ஏத்துறான், பின்சக்கரம் லேசா வழுக்குது, இடது கால் அத வைக்கிற ஃபுட்பெக்க விட்டு கழண்டு கீழ போய் டக்குனு திரும்பி வந்துருச்சு. அந்த கால் பாறைல பட்டுச்சா, இல்ல பாறை ஓரமா முளைச்சிருந்த செடில பட்டுச்சான்னு கேட்டா சத்தியமா தெரியாது, அரை செகண்டு கூட இருக்காது, ஆனா என் வாய் அதுபாட்டுக்கு "ஒண்ணு"ன்னு கத்திருச்சு. அந்த ஆளு வெளிய வந்து மார்க் கார்ட நீட்டிட்டு என்னைய ஒரு பார்வை பாத்தான், ஒண்ணும் சொல்லல, போயிட்டான். மதியத்துக்கு மேல அதே பாறை, அதே வழுக்கல், அதே இடது கால். ஆனா இந்த தடவை வண்டி மேல இருந்தது என் கூட்டாளி, பத்து வருஷப் பழக்கம். என் வாய்ல வந்தது "கிளீன்".

பக்கத்துல நான் சொல்ற மார்க்க கார்டுல பஞ்ச் பண்ணிட்டு இருந்த பையனுக்கு 16 வயசு இருக்கும், கிளப்ல ஒருத்தரோட மகன், அன்னிக்குத்தான் முதல் தடவையா வந்திருந்தான். அவன் பஞ்ச அடிச்சு கார்ட குடுத்து அனுப்பிட்டு, வண்டி சத்தம் அடங்குற வரைக்கும் காத்திருந்து, மெதுவா கேட்டான். "அண்ணே, காலைல அந்த அண்ணனுக்கு இதே எடத்துல ஒண்ணு போட்டீங்கள்ல?"

எனக்கு காது சூடாயிருச்சு.

ட்ரையல்னா என்னன்னு தெரியாதவங்களுக்கு சுருக்கமா சொல்லிடுறேன். இது ரேஸ் இல்ல, பெரும்பாலும் வேகத்துக்கு இங்க வேலையே இல்ல. பாறை, ஓடை, வேர், சரிவுன்னு ஒரு கஷ்டமான சின்ன துண்டு நிலத்த ரிப்பன் கட்டி பிரிச்சிருப்பாங்க, அதுதான் செக்‌ஷன், அதுக்குள்ள கால் ஊனாம வண்டிய ஓட்டி வெளிய வரணும். ஒரு தடவை கால் ஊனினா ஒண்ணு, ரெண்டு தடவைன்னா ரெண்டு, மூணு தடவையோ அதுக்கு மேலயோன்னா மூணு. வண்டி விழுந்தா, ரிப்பனுக்கு வெளிய போனா, கேட்டுன்னு நட்டிருக்கிற கம்புகளுக்கு நடுவுல போகாம விட்டுட்டா, பின்னால போனா அஞ்சு. நாலுன்னு ஒரு மார்க்கே கிடையாது. ஒண்ணுமே தப்பு இல்லன்னா பூஜ்யம், அதுக்குப் பேருதான் கிளீன். குறைஞ்ச மார்க் எடுத்தவன் ஜெயிச்சான். எங்க கிளப்ல பத்து செக்‌ஷன், நாலு ரவுண்டு, ஆக ஒரே ஆள் ஒரே நாள்ல என் முன்னால நாலு தடவை வருவான், நான் காலைல என்ன சொன்னேன்னு அவனுக்கு நல்லாவே ஞாபகம் இருக்கும்.

இன்னொண்ணு, ரெண்டு பேர் சமமா முடிச்சா யாருக்கு கிளீன் அதிகமோ அவன்தான் மேல. அதனால ஒருத்தனுக்கு தப்பா ஒரு மார்க் போட்டா அந்த ஒரு மார்க் மட்டும் போகல, டைபிரேக்குக்கு வேண்டிய ஒரு கிளீனும் சேந்து போகுது. மார்ஷலா நிக்கிற பாதி பேர் இத யோசிக்கிறதே இல்ல. நானும் ரொம்ப நாள் யோசிச்சதில்ல.

சரி, அன்னிக்கு என்ன பண்ணேன்? அந்த ரவுண்டு முடிஞ்சதும் பையன செக்‌ஷன்ல விட்டுட்டு போய் போட்டிய நடத்துற பொறுப்பாளர், அதான் கிளர்க் ஆஃப் தி கோர்ஸ், அவர்கிட்ட நடந்தத அப்படியே சொன்னேன். அவரு திட்டுவாருன்னு பாத்தேன், அவரு ஒரே ஒரு கேள்விதான் கேட்டாரு. "காலைல அவன் கால் பாறைல பட்டத நீ பாத்தியா?" பாக்கல சார்ன்னேன். "அப்ப மதியம் நீ போட்டதுதான்யா சரி, காலைல போட்டதுதான் தப்பு"ன்னாரு. எனக்கு தூக்கி வாரிப் போட்டுச்சு, ஏன்னா நான் போனது கூட்டாளிக்கு சலுகை குடுத்துட்டேன்னு ஒத்துக்க, ஆனா கணக்குப்படி பாத்தா கண்ணால பாக்காத தப்ப போடக்கூடாது, சந்தேகம்னா ரைடர் பக்கம்தான் போகணும். ஆக கூட்டாளிக்கு நான் போட்டது சரியான மார்க், ஆனா போட்ட காரணம் மட்டமானது. முகம் தெரியாதவனுக்கு போட்டதுல மார்க்கும் தப்பு, காரணமும் தப்பு.

அப்ப காலைல அவனுக்கு போட்ட ஒண்ண எடுத்துடலாமான்னு கேட்டேன். அவரு சிரிச்சாரு. "இந்த ரெண்டு பேருக்கும் நடுவுல அந்த பாறைல இன்னும் எத்தன பேருக்கு ஒண்ணு போட்ட? அதுல எது செடி, எது பாறை?" என்கிட்ட பதில் இல்ல. ஒருத்தனுக்கு மட்டும் திருத்தினா மத்தவங்களுக்கு அது இன்னொரு அநியாயம். அதனால போட்டது போட்டபடி இருந்துச்சு. சாயங்காலம் ரிசல்ட் ஷீட் ஒட்டினப்போ பக்கத்துல போகவே பயம். ரெண்டு பேரும் ஒரே கிளாஸ்தான், நல்லவேளை நடுவுல 15 மார்க்குக்கு மேல வித்தியாசம். தப்பிச்சேன்னு சொல்லலாம், ஆனா அதுல என் திறமை எதுவும் இல்ல.

இதுல கொடுமை என்னன்னா ரைடர் இத எதிர்த்து பெருசா ஒண்ணும் பண்ண முடியாது. மோட்டார்ஸ்போர்ட்ல "ஜட்ஜ் ஆஃப் ஃபேக்ட்"னு ஒண்ணு இருக்கு, கார் பந்தயத்துக்கான உலக அமைப்பு எஃப்.ஐ.ஏவோட சர்வதேச ஸ்போர்ட்டிங் கோட்ங்கிற விதிப் புத்தகத்துலயே இருக்கு. கோட்ட தாண்டுச்சா, முன்னாடியே கிளம்பிட்டானாங்கிற மாதிரி கண்ணால பாத்து சொல்ற விஷயத்துக்குன்னு நியமிச்ச ஆள் சொன்னா சொன்னதுதான். ட்ரையல்லயும் நடைமுறைல அதே கதைதான், மார்ஷல் பாத்தது பாத்ததுதான். சின்ன கிளப் ஈவென்ட்ல அப்பீல் பண்ணி கமிட்டி உக்காந்து விசாரிக்கிறதெல்லாம் நடக்காத காரியம், அப்படி ஒரு ரூல் இல்லன்னா எந்த போட்டியும் முடியாது, அது எனக்கு புரியுது. ஆனா எதிர்த்து கேக்க முடியாத ஒரு வார்த்தைய சொல்றவன் அத எவ்வளவு யோசிச்சு சொல்லணும்? சும்மா நிக்கிறதுக்கு ஆள் வேணும்னு கூப்பிட்டு, கைல ஒரு பஞ்ச குடுத்து, "அந்த ஓடைகிட்ட போய் நில்லுங்க"ன்னு அனுப்பி வைக்கிறதுதான் பல இடத்துல நடக்குது. எனக்கும் முதல் தடவை அப்படித்தான் நடந்துச்சு.

அதுக்கப்புறம் நான் கத்துக்கிட்டத சொல்றேன், வரிசையெல்லாம் இல்ல, ஞாபகம் வர்றபடி.

முதல்ல எங்க நிக்கிறோம்ங்கிறது. காலைல வெயில் படாத பக்கம் நின்னுட்டு மதியம் வெயிலுக்கு ஒதுங்கி அந்தாண்ட பக்கம் போய் நின்னோம்னா, காலைல இடது கால் தெரிஞ்சுது, மதியம் வலது கால்தான் தெரியும். நம்ம கிட்ட எந்த மாற்றமும் இல்லன்னு நாம நெனச்சுக்குவோம், ஆனா காலைல இடது கால் ஊனினவன்லாம் மாட்டுவான், மதியம் ஊனினவன்லாம் தப்பிப்பான். நிக்கிற இடத்துல ஒரு கல்ல போட்டு வச்சுக்கணும், மழையோ வெயிலோ கடைசி ரைடர் வரைக்கும் அந்த கல்லுதான். செக்‌ஷன் நீளமா இருந்தா ரெண்டு பேர் நிக்கணும், எது வரைக்கும் யாரோட எல்லைன்னு முதல்லயே பிரிச்சுக்கணும், இல்லன்னா நடுவுல ஊனின காலை ரெண்டு பேரும் எண்ணி ரெண்டாக்கிடுவாங்க, இல்ல அவர் பாத்துக்குவாருன்னு ரெண்டு பேருமே விட்டுடுவாங்க. ரெண்டுமே நடந்திருக்கு.

அப்புறம் அந்த "நின்னுச்சா, நிக்கலையா" பிரச்சனை. இது தனி கதை, கொஞ்சம் விரிவாவே சொல்லணும். சில போட்டில செக்‌ஷனுக்குள்ள வண்டிய நிறுத்தி பேலன்ஸ் பண்ணிக்கலாம், சில போட்டில முன்னேறிட்டே இருக்கணும், நின்னா அஞ்சு. 2013ல பைக் போட்டிகளுக்கான உலக அமைப்பு எஃப்.ஐ.எம்மோட ட்ரையல் உலக சாம்பியன்ஷிப்ல நிக்காம போகணும்ங்கிற ரூல திரும்ப கொண்டு வந்தப்போ பெரிய சண்டையே நடந்துச்சு, அதுல முக்கியமான வாதம் ரைடரப் பத்தி இல்ல, மார்ஷலப் பத்தி. ஒருத்தர் கண்ணுக்கு நின்ன வண்டி இன்னொருத்தர் கண்ணுக்கு ஊந்துகிட்டே இருக்கும், அப்புறம் எப்படி ஒரே ரூல்னு சொல்றதுன்னு கேட்டாங்க. (அந்த வருஷமும் டோனி போவ்தான் ஜெயிச்சாரு, 2007ல இருந்து அவருதான் ஜெயிச்சிட்டு இருந்தாரு, ரூல் மாறினா சாம்பியன் மாறிடுவாருன்னு யாராவது நெனச்சிருந்தா பாவம்.) உலக லெவல்ல, பயிற்சி எடுத்த ஆளுங்களுக்கே இந்த கதின்னா, ஞாயித்துக்கிழமை லீவ விட்டுட்டு வந்து நிக்கிற நமக்கு?

என் வழி என்னன்னா, ரைடர் மூஞ்சிய பாக்கறதில்ல, இஞ்சின் சத்தத்த கேக்கறதில்ல, ஹேண்டில்பார் ஆடுறத பாக்கறதில்ல. முன்சக்கரத்தோட நடு அச்சு மட்டும்தான் பாப்பேன். அதுக்கு பின்னால இருக்கிற ஒரு குச்சியோ கல்லோ எதையாவது கண்ணுல நேர்கோட்டுல வச்சுக்குவேன். அச்சு அந்த குச்சிய விட்டு நகருதா, இல்ல ஒட்டிகிட்டே இருக்கா, அவ்வளவுதான். பின்சக்கரம் பேய் மாதிரி சுத்தி சேறு அடிச்சாலும் அச்சு நகரலன்னா வண்டி நின்னுருச்சு. அதே மாதிரி ஆமை வேகத்துல போனாலும் அச்சு நகந்தா அது ஓடுற வண்டிதான். "நின்னுச்சோ?"ன்னு எனக்குள்ள ஒரு கேள்வி வந்துட்டாலே நிக்கலன்னு எடுத்துக்குவேன். நின்ன வண்டிக்கு கேள்வி வராது.

கார் ட்ரையல்ல இந்த வித்தை இன்னும் அதிகமா வேணும். அங்க சரிவுல கம்பு நட்டு நம்பர் ஒட்டியிருப்பாங்க, கீழ பெரிய நம்பர், மேல போகப் போக குறையும், வண்டி எங்க முன்னேற முடியாம நிக்குதோ அந்த நம்பர்தான் மார்க், உச்சி ஏறிட்டா பூஜ்யம். பாத்தா சுலபமா தெரியும். ஆனா நிக்கிற நேரத்துல டயர் சுத்தும், வண்டி குதிக்கும், பக்கவாட்டுல சரியும், பக்கத்து சீட்ல இருக்கிறவரு வெயிட்ட பின்சக்கரத்துக்கு தள்ள எம்பி எம்பி குதிப்பாரு, அந்த ஆட்டத்துல நாலு இன்ச் முன்னால போன மாதிரியே தெரியும். அந்த நாலு இன்ச்சுலதான் ஆறா அஞ்சாங்கிறதே இருக்கும். ஒரு தடவை நான் மேல நின்னுகிட்டு கீழ பாத்து மார்க் போட்டேன், முழு நாளும் தப்பு. சரிவுக்கு மேல இருந்து பாத்தா எல்லா வண்டியும் கம்புக்கு அந்தாண்ட இருக்கிற மாதிரிதான் இருக்கும், பக்கவாட்டுல போய் கம்புக்கு நேரா நின்னாதான் நிஜம் தெரியும். ஆனா பாருங்க, அன்னிக்கு எல்லாருக்கும் ஒரே மாதிரி தப்பா போட்டதால சண்டையே வரல. நான் முன்னாடி சொன்ன பைக் ட்ரையல்ல ஒருத்தருக்கு சரியா போட்டும் ராத்திரி தூக்கம் வரல. எனக்கு இது இன்னும் விசித்திரமாத்தான் இருக்கு.

நீளமான ரோட்டுல ஊர் ஊரா போய் மலை ஏறுற பழைய ஸ்டைல் ட்ரையல்ல நிலைமை இன்னும் மோசம். பிரிட்டன்ல மோட்டார் சைக்கிளிங் கிளப்னு ஒண்ணு, 1901ல ஆரம்பிச்சது, அவங்களோட லேண்ட்ஸ் எண்ட் ட்ரையல் 1908ல இருந்து நடக்குது. அதுல ஒட்டுமொத்தமா முதல் பரிசுன்னு ஒருத்தருக்கு குடுக்கிற வழக்கமே இல்ல, யாரெல்லாம் எல்லா மலையையும் தவறாம ஏறி நேரத்துக்கும் வந்து சேர்றாங்களோ எல்லாருக்கும் தங்கம். கேக்க எவ்வளவு நல்லா இருக்கு. ஆனா மார்ஷல் பக்கம் இருந்து யோசிச்சு பாருங்க, ராத்திரி முழுக்க ஓட்டிட்டு வந்தவன், அத்தனை மலையும் ஏறினவன், உங்க மலைல ரீஸ்டார்ட் பாக்ஸ்ல, அதாவது ஏத்தத்துல நடுவுல நிறுத்தி மறுபடி கிளம்பணும்னு குறிச்சு வச்ச கட்டத்துல, நிறுத்தி கிளம்புறப்போ ஒரு விரக்கடை பின்னால உருண்டானா இல்லையாங்கிறதுல அவனோட தங்கம் தொங்குது. பைக்ல ஒண்ணு போட்டா நூத்துல ஒண்ணு. இங்க ஒரு வார்த்தைல எல்லாமே போச்சு. ரீஸ்டார்ட்ல நிக்கிறப்போ நான் டயர் பக்கவாட்டுல இருக்கிற ஏதாவது ஒரு எழுத்த பிடிச்சு வச்சுக்குவேன். அந்த எழுத்து எந்த பக்கம் சாயுதுன்னு பாத்தா போதும், வண்டியோட பாடி ஸ்பிரிங்ல பின்னால சாயுறத உருண்டதுன்னு நெனச்சு ஏமாற வேண்டியதில்ல.

செக்‌ஷன் தானா மாறுறது மார்ஷல் தப்பு இல்ல. முதல்ல வர்றவனுக்கு பனில நனைஞ்ச பாறை, பத்தாவது ஆளுக்கு காஞ்ச பாறை, நாப்பதாவது ஆளுக்கு டயர் அறுத்து வச்ச பள்ளம். சில மார்ஷல்ங்க இத சரிக்கட்டுறேன்னு பின்னால வர்றவங்களுக்கு கொஞ்சம் தாராளமா போடுவாங்க, நல்ல மனசுதான், ஆனா அது அவங்க வேலை இல்ல. மண்ணு செய்யுற அநியாயம் எல்லாருக்கும் தெரிஞ்ச அநியாயம், ரைடர் அதுக்கு தயாராத்தான் வருவான், எப்ப உள்ள போகணும்னு வரிசைல நின்னு கணக்கு போடுவான். மார்ஷல் மனசுக்குள்ள போடுற கணக்கு யாருக்கும் தெரியாது. அதுதான் வித்தியாசம். ஆனா கேட் கம்ப யாராவது இடிச்சு சாச்சுட்டா அது வேற, அத பழைய இடத்துலயே நடணும். "ஏறக்குறைய இங்கதான் இருந்துச்சு"ன்னு நட்டா அது புது செக்‌ஷன். காலைலயே ஒவ்வொரு கம்பு அடிலயும் ஒரு பெயிண்ட் புள்ளி, ஃபோன்ல ஒரு படம், முடிஞ்சுது.

வேகமா வேலை செய்யுறதும் நேர்மைல ஒரு பங்குதான்னு ஸ்காட் ட்ரையல் பத்தி படிச்சப்போ தோணுச்சு. 1914ல ஆரம்பிச்ச போட்டி, அதுல டைமும் உண்டு, யாரு சீக்கிரம் முடிக்கிறாங்களோ அவங்கள விட எத்தன நிமிஷம் பின்னால வர்றோமோ நிமிஷத்துக்கு ஒரு மார்க். ஆக ஒரு தடவை கால் ஊனுறதும் ஒரு நிமிஷமும் ஒரே விலை. அந்த மாதிரி போட்டில மார்ஷல் ஒருத்தன்கிட்ட கார்ட வாங்கி பஞ்ச தேடி, பேசி, குடுத்தான்னா அவன் ஒரு மார்க்க திருடுற மாதிரிதான்.

தடங்கல் விஷயமும் சொல்லணும். முன்னால போனவன் செக்‌ஷனுக்குள்ளயே விழுந்து கிடக்க, பின்னால வர்றவன் அவனால நிக்க வேண்டி வந்தா திரும்ப ஒரு வாய்ப்பு குடுக்கணும். எங்க கிளப்ல தடங்கலுக்கு முன்னாடி ஊனின கால் கணக்குல நிக்கும், அதுக்கப்புறம்தான் புதுசு. ஆனா அத அந்த எடத்துலயே, அவன் இன்னும் வண்டி மேல இருக்கிறப்பவே சொல்லிடணும். வெளிய வந்ததுக்கப்புறம் அவனோட கூட்டாளிங்க நாலு பேர் சேந்து வந்து கேட்டப்புறம் குடுத்தா, அடுத்த தடவை தனியா வர்றவனுக்கு கேக்க ஆள் இருக்காது, அவனுக்கு கிடைக்காது. கூட்டத்தோட வர்றவன் தப்பிக்கிறதும் தனியா வர்றவன் மாட்டுறதும்தான் நான் அதிகமா பாத்த அநியாயம், காசு வாங்கிட்டு மார்க் மாத்தினதெல்லாம் நான் பாத்ததே இல்ல. யாரும் வேணும்னு பண்றதில்ல. ஓரத்துல நிக்கிற கூட்டம் "ஐயோ"ன்னு சத்தம் போட்டா நம்ம கை தானா ஒரு விரல தூக்கிரும், கை தட்டினா மடக்கிரும். அதனாலதான் இப்பல்லாம் ரைடர் வெளிய வர்ற வரைக்கும் காத்திருக்காம, ஒவ்வொரு ஊனுக்கும் அப்பப்பவே விரல காட்டிட்டு சத்தமா சொல்லிடுறேன். அவனுக்கும் தெரியும், பையனுக்கும் தெரியும், எனக்கும் பின்வாங்க வழி இல்ல.

வீடியோ? எல்லார் கைலயும் ஃபோன் இருக்கு, ஒருத்தன் ஓடி வந்து "இத பாருங்க, படவே இல்ல"ன்னு காட்டுவான். நான் பாக்க மாட்டேன். ஆணவம்னு நெனக்காதீங்க, வீடியோ எடுக்க ஆள் கூட்டிட்டு வந்தவனுக்கு மட்டும் ரெண்டாவது கோர்ட் எதுக்கு? இதுல எனக்கும் எங்க கிளப்ல இன்னொரு மார்ஷலுக்கும் ஒத்து வராது, அவரு பாப்பாரு. அவரு செக்‌ஷன்ல அவரு ரூல், என் செக்‌ஷன்ல என் ரூல்னு ஒரு சீசன் ஓடுச்சு, அப்புறம்தான் ரெண்டு பேரும் பண்றதே முறையில்லன்னு உறைச்சுது. இப்ப காலைல ரைடருங்க பிரீஃபிங்குக்கு முன்னாடி மார்ஷலுங்களுக்குன்னு தனியா பத்து நிமிஷம் பேசுறோம், வீடியோ யாரும் பாக்கறதில்லன்னு அங்க முடிவாச்சு, அவரு இன்னும் முணுமுணுத்துகிட்டுதான் இருக்காரு.

கூட்டாளிகிட்ட அன்னிக்கே விஷயத்த சொல்லிட்டேன். "டேய், நான் காலே வைக்கலடா, செடிதான்"னான். சரி, இருக்கலாம். காலைல வந்தவனும் அதையேதான் சொல்லியிருப்பான், நான் அவன்கிட்ட கேக்கவே இல்ல.

இந்த சீசன்ல அதே இடத்துல மறுபடி ட்ரையல். அதே பையனையே கேட்டு வாங்கிட்டேன். முதல் ரைடர் வர்றதுக்கு ஒரு மணி நேரம் முன்னாடியே போய் ரெண்டு பேரும் செக்‌ஷன அடி அடியா நடந்தோம், எங்க கால் ஊன வாய்ப்பு இருக்கு, எதுல பட்டா கணக்கு, எதுல பட்டா கணக்கு இல்லன்னு பேசிகிட்டே. அந்த பாறைகிட்ட வந்ததும் நான் குந்தி உக்காந்துட்டேன். செடி இப்ப இன்னும் நல்லா வளந்து பாறை ஓரத்த பாதி மூடியிருந்துச்சு. இலைல மட்டும் பட்டா கணக்கு இல்ல, ஆனா இலைக்கு அடியில பாறைல பட்டா கணக்கு, ஆனா இலை மறைச்சா எப்படி தெரியும், அப்ப இலை அசைஞ்சா மட்டும் போதாது, காலோட வெயிட் இறங்குதான்னு முட்டிய பாக்கணும்னு நான் பெருசா விளக்கிட்டே போறேன். அவன் கொஞ்ச நேரம் கேட்டுட்டு இருந்தான்.

"அண்ணே, இந்த செடிய வெட்டிட்டா என்ன?"

செக்‌ஷன் போட்டவர கூப்பிட்டு கேட்டேன். அவரு கத்திய எடுத்துட்டு வந்து ரெண்டே வெட்டுல சாச்சுட்டு, "இதுக்கா ஒரு மணி நேரமா இங்க குந்தியிருக்கீங்க?"ன்னுட்டு போயிட்டாரு.